ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு மந்திரிசபை

குரங்கணி பஸ்ஸில் வெளியூர்க்காரர் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டு மாட்டிக்கொள்வது வழக்கம்: "அண்ணே, டாப் ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு ரயில்?"

கண்டக்டர் சிரிக்க மாட்டார். சிரித்துச் சிரித்து அவருக்கு அலுத்துவிட்டது. "ரயில் போயிருச்சு தம்பி. நூறு வருசம் ஆச்சு" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார்.

கேட்டவர்மேல் தப்பில்லை. போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே பதினாறு பதினேழு கிலோமீட்டரில் மலையடிவாரத்தில் குரங்கணி. அங்கிருந்து நடந்து ஏறினால் நடுவில் ஒரு இடத்துக்குப் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். உச்சியில் இருப்பது டாப் ஸ்டேஷன். இத்தனை ஸ்டேஷன்களைப் பெயரில் வைத்துக்கொண்டு ஒரு தண்டவாளத் துண்டுகூட இல்லாத மலை உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஒரு காலத்தில் இருந்தது. 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு வண்டி ஓடியது. அந்த வண்டியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையே அதன் மேல்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தரையில் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் பாரமெல்லாம் அநேகமாக அதன் மேல் உருளும் சின்னச் சக்கரங்களில். ஒற்றைக் காலில் நின்றால் சாயுமே? சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம், மண் பாதையில் உருண்டு வரும். பார்ப்பவனுக்கு அந்தப் பெரிய சக்கரம்தான் வண்டியையே தூக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். உண்மையில் அது பாரம் சுமக்க வந்ததல்ல, முட்டுக்கொடுக்க வந்தது. இரண்டையும் சேர்த்து இழுத்தது இன்ஜின் அல்ல, காளை மாடு.

1908-இல் இதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் முறையான குட்டி ரயில் போட்டார்கள். டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டி அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு மலையிறங்கி, கோட்டகுடிப் பக்கம் அடிவாரத்துக்கு வரும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. பிறகு கப்பலேறி சீமைக்குப் போய்விடும். 1924 ஜூலை வெள்ளம் வந்து தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனது. பெயர்களை மட்டும் அடித்துக்கொண்டு போக அதற்குத் தெம்பில்லை.

அந்த ஒற்றைத் தண்டவாள வண்டியை மலையிலிருந்து கழற்றிவிட்டார்களே, அதன் வடிவம் வீணாகவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1920-இல், சென்னையில் அதை அப்படியே நிறுத்தி அதற்கு 'இரட்டையாட்சி' என்று பெயர் வைத்தார்கள். அதில் ஏறி உட்கார்ந்து சவாரி செய்தவர்கள்தான் நம் மாகாணத்தின் முதல் மந்திரிகள்.

சீமைக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டு உள்ளூருக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்த பிறகு ஒரு முப்பது வருஷம் நாடு முழுக்கப் புகை. கார்னகி எஃகில், ராக்பெல்லர் எண்ணெயில், வாண்டர்பில்ட் ரயிலில் என்று ஆளுக்கொரு பக்கம் அள்ளினார்கள். மார்க் ட்வைனும் வார்னரும் 1873-இல் எழுதிய நாவலின் தலைப்பே அந்தக் காலத்துக்குப் பெயராகிவிட்டது: முலாம் பூசிய காலம். அதாவது தொட்டால் தகரம். அப்போது நாட்டை ஆண்ட ஜனாதிபதிகள் யார் என்று ஒரு அமெரிக்கரை நிறுத்திக் கேளுங்கள். ராக்பெல்லரைச் சொல்வார், ஜனாதிபதியைக் கேட்டால் தாடியைத் தடவுவார். ஹேஸ், கார்ஃபீல்ட், ஆர்தர், கிளீவ்லாண்ட், ஹாரிசன். பாதிப் பேருக்குத் தாடி, மீதிப் பேருக்கு மீசை. அடையாளம் அவ்வளவுதான்.

ஹேஸ் 1876-இல் ஒரே ஒரு தேர்வர் ஓட்டில் ஜெயித்தவர், 185-க்கு 184. எதிராளியை விட மக்கள் ஓட்டும் குறைவு. கார்ஃபீல்ட் கதை இன்னும் பரிதாபம். அந்தக் காலத்தில் எந்தக் கட்சி ஜெயிக்கிறதோ அந்தக் கட்சிக்காரனுக்குத்தான் தபாலாபீஸ் உத்தியோகம்கூட. கீட்டோ என்ற ஒரு ஆசாமி, கார்ஃபீல்டுக்காக நானும் பேச்சு எழுதியிருக்கிறேன், ஆகவே பாரிஸில் தூதரக வேலை கொடு என்று வாசலுக்கு வாசல் நடந்தார். கிடைக்கவில்லை. 1881 ஜூலை 2-இல் வாஷிங்டனில் ஜனாதிபதியைச் சுட்டுவிட்டார். சுட்ட இடம்? ரயில்வே ஸ்டேஷன். குண்டு கொன்றதோ இல்லையோ, காயத்துக்குள் கழுவாத விரலை விட்டுக் குண்டைத் தேடிய டாக்டர்கள் செப்டம்பருக்குள் காரியத்தை முடித்தார்கள்.

அடுத்து வந்தவர் துணை ஜனாதிபதி ஆர்தர். நியூயார்க் சுங்கச்சாவடியில் கட்சிக்காரர்களுக்கு வேலை அள்ளிக் கொடுத்த அணியின் ஆள் என்று ஏற்கெனவே ஹேஸ் பதவியை விட்டு இறக்கியவர். அவர்தான் 1883-இல் அரசு வேலைக்குப் பரீட்சை வைக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கோழி பிடித்தவனே கூண்டுக்குப் பூட்டு செய்து கொடுத்த கதை.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், நம்மிடமும் இதேபோல் ஒரு தாடிக் கூட்டம் உண்டு. நம்மவர்களுக்குத் தாடிக்குப் பதில் தலைப்பாகை.

தமிழ்நாட்டு முதலமைச்சர்களை வரிசையாகச் சொல்லுங்கள் என்றால் ராஜாஜி, காமராஜர் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்போம். ராஜாஜிக்கு முன்னால்? குரங்கணி டீக்கடையில் இதைக் கேட்டுப் பார்த்தேன். "முன்னாடி வெள்ளக்காரன்" என்றார் கடைக்காரர். "அவனுக்கும் ராஜாஜிக்கும் நடுவுல பதினேழு வருசம் ஏழு பேர் இருந்தாங்கண்ணே" என்றேன். வடையை எண்ணெயில் போட்டுக்கொண்டே, "ஏழு பேரா? ஒருத்தர்கூடவா நம்ம பக்கத்து ஆளில்ல?" என்றார்.

ஒருத்தர் இருந்தார். கடைசிக்கு முன்னால் வருவார், பொறுங்கள்.

1916 நவம்பரில் சென்னையில் பிறந்தது தென்னிந்திய நல உரிமைச் சங்கம். அரசு வேலையும் பதவியும் பெரும்பாலும் பிராமணர் கையில் இருக்கிறது, மற்றவர்களுக்கும் பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. டாக்டர் டி.எம். நாயரும் பிட்டி தியாகராய செட்டியாரும் அதற்கு முன் மாநகராட்சியில் எதிரும் புதிருமாக நின்றவர்கள். இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்த புண்ணியம் டாக்டர் நடேச முதலியாருக்கு. இவ்வளவு நீளமான பெயரை யார் சொல்வது? கட்சி நடத்திய ஆங்கிலப் பத்திரிகையின் பெயர் 'ஜஸ்டிஸ்'. மக்கள் கட்சிக்கே அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். பத்திரிகை கட்சியை நடத்துவது கேள்விப்பட்டிருக்கிறோம். பத்திரிகை கட்சிக்குப் பெயர் வைத்தது இங்கேதான்.

1919 சட்டப்படி வந்த இரட்டையாட்சியைக் கவனியுங்கள். கஜானா, போலீஸ், நிலவரி, நீர்ப்பாசனம் எல்லாம் கவர்னரும் அவருடைய நிர்வாகக் குழுவும் பார்த்துக்கொள்வார்கள். அதுதான் தண்டவாளம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, தொழில் வளர்ச்சி இவையெல்லாம் தேர்தலில் ஜெயித்த மந்திரிகளுக்கு. அதுதான் மண் பாதையில் உருளும் பெரிய சக்கரம். பள்ளிக்கூடம் கட்டுவது மந்திரி, பணம் கொடுப்பது கஜானா, கஜானாச் சாவி கவர்னர் பக்கம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நம் மந்திரிகளுக்கு அகப்பையை மட்டும் கொடுத்தார்கள். இழுக்கிற காளை யார் என்று வரி கட்டினவர்களைக் கேட்க வேண்டும். ஓட்டுரிமையும் வரி கட்டுகிற சொத்துக்காரர்களுக்கு மட்டும்தான் என்பதால், மாட்டிலும் கொம்பு சீவின மாட்டுக்குத்தான் பேச உரிமை.

1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. தேர்தலில் நின்று பெறும் 98 இடங்களில் ஜஸ்டிஸ் கட்சிக்கு 63. கவர்னர் வெலிங்டன் தியாகராய செட்டியாரைக் கூப்பிட்டார். வெள்ளுடை வேந்தர் என்று பெயர் வாங்கிய அந்த மனிதர், பதவி வேண்டாம் என்றுவிட்டார். தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் 'முதல் மந்திரி பதவி வேண்டாம்' என்ற வாக்கியம் இவ்வளவு சீக்கிரம் உச்சரிக்கப்பட்டுத் தீர்ந்துபோனது ஒரு நஷ்டம்தான். அதன் பிறகு அதை அதிகம் பேர் உபயோகிக்கவில்லை.

செட்டியார் விட்ட இடத்தில் கடலூர் சுப்பராயலு ரெட்டியார் உட்கார்ந்தார். உடம்பு இடம் கொடுக்கவில்லை; 1920 டிசம்பரில் வந்தவர் 1921 ஜூலையில் விலகினார். அடுத்து வந்தவர் பனகல் அரசர் ராமராயநிங்கார். ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். இருந்தார் என்றால் சும்மா இருந்தார் என்று அர்த்தமல்ல. சதுரங்கப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

உள்ளாட்சி அவர் கையில். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு தலைவர்களில் நியமனம் நிறைய. போர்டு என்றால் ரோடு, பாலம், சத்திரம், ஆஸ்பத்திரி, வாத்தியார் வேலை. யாராவது எம்.எல்.சி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவருடைய ஊரில் ஒரு நியமனம் நடக்கும், முகம் இறங்கும். அமெரிக்காவில் தபாலாபீஸ் செய்த வேலையை இங்கே தாலுகா போர்டு செய்தது. எல்லா முகத்துக்கும் நியமனம் கிடைக்குமா? 1923 தேர்தலில் கட்சிக்கு இடம் குறைந்தது. 'மந்திரிகளெல்லாம் தெலுங்கர்களா?' என்ற முணுமுணுப்பு வேறு. புதிய மந்திரிசபையில் சிவஞானம் பிள்ளை என்ற ஒரு தமிழரைச் சேர்த்துக்கொண்டார் அரசர். முணுமுணுப்பு தமிழில் இருந்தால் மருந்தும் தமிழில்தானே கொடுக்க வேண்டும்? அப்படியும் அந்த நவம்பரில் சி.ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். இந்தியச் சட்டசபைகளிலேயே அதுதான் முதல் தடவை. மந்திரிசபைக்கு 65, எதிராக 44. பிழைத்தது.

பிழைத்த மந்திரிசபை 1924-இல் அரசு ஊழியர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரியம் வைத்தது. 1929-இல் அது வளர்ந்து சர்வீஸ் கமிஷன் ஆயிற்று. மாகாணங்களில் முதன்முதலில் வந்தது நம்முடையது. நியமனத்தில் வாழ்ந்த கட்சியே பரீட்சைக்கும் வழி விட்டது. ஆர்தரின் ஆவி கடல் தாண்டி வந்திருக்கும் போலிருக்கிறது.

வேலையில் யாருக்கு எத்தனை என்பதற்கும் ஒரு கணக்கு வந்தது. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்துக்குப் போயிருக்கிறீர்களா? பெண்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பச்சைக் குவியல். காய் சல்லடையில் ஏறும். எட்டு எம்எம் ஒரு பக்கம், ஏழு எம்எம் ஒரு பக்கம், பொடி தனி, வெடித்த காய் தனி. சல்லடையில் விழாத காய் எதுவுமே கிடையாது. எந்தத் துளையில் விழுகிறது என்பதுதான் விலை. வகுப்புவாரி உத்தரவு அப்படி ஒரு சல்லடை. 1921-இல் முதலில் வந்து, 1920-களின் கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு வேலை இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1. சல்லடை வந்த பிறகு 'எனக்கு ஏன் இந்தத் துளை?' என்று சத்தம் எழுந்தது நிஜம். சல்லடையே இல்லாத காலத்தில் மூட்டை மொத்தமும் ஒரே வீட்டுக்குப் போனதும் நிஜம். கடைசியில் சொன்ன அந்த ஒன்றுக்குரியவர்கள், அந்த ஒன்று போதாது என்று கட்சிக்குள்ளேயே குரல் கொடுத்ததும் நிஜம். 1921-இல் பக்கிங்காம் கர்னாடிக் மில் வேலைநிறுத்தத்தில் அந்த விரிசல் வெளியே தெரிந்துவிட்டது. நியாயம் என்று பெயர் வைத்துக்கொண்ட கட்சிக்கு அது நல்ல வருஷம் அல்ல.

தொழில் வளர்ச்சியாவது மந்திரிகள் கையில் இருந்ததா? 1922-இல் தொழில் தொடங்குகிறவர்களுக்கு அரசே கடன் கொடுக்கச் சட்டம் போட்டார்கள். ஆனால் பெரிய பெரிய கான்கிரீட் எல்லாம் தண்டவாளப் பக்கம்தான் விழுந்தது. மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. நீர்ப்பாசனம் யார் பொறுப்பு? கவர்னர் பக்கம். ஆகவே அணையில் தேங்கிய தண்ணீருக்குக் கவர்னர் ஸ்டான்லியின் பெயர். 1932-இல் பைக்காராவில் மின்சாரம் வந்து, கோயம்புத்தூரில் மில் மேல் மில்லாக முளைத்தது. அதற்குப் பின்னால் நின்று தள்ளியவர் நிர்வாகக் குழுவில் இருந்த சி.பி. ராமசாமி ஐயர். மந்திரிகள் கை தட்டினார்கள்.

மந்திரிகள் பெயரில் எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. தி.நகர். 1920-களில் ஏரியைத் தூர்த்து நகர் அமைத்தபோது தியாகராயர் பெயரை ஊருக்கு வைத்தார்கள். நடுவில் பனகல் பார்க். பக்கத்தில் நாயர் ரோடு, நடேசன் பார்க். இந்தியாவிலேயே ஒரு கட்சியின் செயற்குழு முழுவதையும் நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊர் அது ஒன்றுதான். தீபாவளிக்கு முந்தின வாரம் பனகல் பார்க்கில் நிற்கிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு 1937-இல் ஓட்டுப் போட்டிருந்தால் கட்சி பிழைத்திருக்கும்.

1926 தேர்தல் கதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதிக இடம் பிடித்தது சுயராஜ்யக் கட்சி, 41. ஆனால் பதவி ஏற்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. பதவி ஏற்கத் தயாராக இருந்த ஜஸ்டிஸ் கட்சிக்கு இடம் போதவில்லை. இடம் உள்ளவனுக்கு ஆசையில்லை, ஆசை உள்ளவனுக்கு இடமில்லை. கவர்னர் கோஷன் பார்த்தார். எந்தக் கட்சியிலும் சேராத டாக்டர் சுப்பராயனைக் கூப்பிட்டு முதல் மந்திரியாக்கினார். நியமன உறுப்பினர்களின் ஆதரவில் ஓடிய அந்த மந்திரிசபையை எதிர்க்கட்சியில் உட்கார்ந்து பனகல் அரசர் தாளித்தார். பிறகு சைமன் கமிஷன் வந்ததும் சக மந்திரிகள் இரண்டு பேர் சுப்பராயனோடு முறைத்துக்கொண்டு போக, பனகல் அரசரே முட்டுக்கொடுத்து அவரைக் காப்பாற்றினார். நேற்று வைத வாயால் இன்று வாழ்த்துவது ஏதோ நம் காலத்து ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சுப்பராயன் காலத்தில் நம்மூருக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அதாவது மலைமேல் ரயில் இருந்தபோது கீழே ரயில் இல்லை. மேலே வெள்ளம் வாரிக்கொண்டு போய் நாலு வருஷம் கழித்துக் கீழே ரயில் வந்து நின்று மேலே பார்த்தது. அப்புறம் இரண்டாம் உலகப்போரில் கீழேயும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். திரும்பப் போட்டு, 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்தி, 2023-இல்தான் மறுபடி ரயில் போடிக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் ரயில் என்பது கால அட்டவணைப்படி வருவதல்ல, தலைமுறைப்படி வருவது.

1930-இல் மறுபடி ஜஸ்டிஸ் கட்சி. முதல் மந்திரி முனுசாமி நாயுடு. ஜமீன்தார் அல்ல, அதுவே குற்றமாயிற்று. கட்சிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் ஜமீன்தார்கள், பதவி இவருக்கா? 1932-இல் தஞ்சாவூரில் மாநாடு கூட்டினார்கள். அது ரகளையில் முடிந்தது. நவம்பரில் நாயுடு போய் பொப்பிலி ராஜா வந்தார். முப்பது வயதை ஒட்டியவர். நடையில் குதிரை, பேச்சில் சவுக்கு.

அந்தச் சமயம் உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். விளைச்சல் விலை தரையில் கிடந்தது. நம் மந்திரிகளின் மாதச் சம்பளம் 4,333 ரூபாய்ச் சொச்சம். மத்திய மாகாணத்து மந்திரிக்கு 2,250. காங்கிரஸ் பிரசாரகர்களுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேடையில் ஏறி அந்த எண்ணைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தால் போதும். மீதியைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

இப்போது டீக்கடைக்காரர் கேட்ட ஆள். பி.டி. ராஜன், உத்தமபாளையத்துக்காரர், 1892-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பள்ளி, ஆக்ஸ்போர்டில் கல்லூரி, பாரிஸ்டர். 1920 முதலே சட்டசபையில். 1930-இலிருந்து வளர்ச்சித் துறை மந்திரி. நாயுடு போனார், பொப்பிலி வந்தார், ராஜன் மட்டும் அதே நாற்காலியில். 1936 ஏப்ரல் 4-இல், பொப்பிலி ராஜா கொஞ்ச காலம் விலகியிருந்தபோது, ராஜன் முதல் மந்திரி ஆனார். ஆகஸ்ட் 24-இல் ராஜா திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் பக்கத்துக் கணக்கில் சொன்னால், கோடை மழையில் ஏலச்செடி சரம் விட்டபோது வந்தார். காய் எடுப்பு சூடு பிடிக்கும் முன் போனார். பூவைப் பார்த்தார், காயைப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் ஒரு தடவை இருந்து, நடுவில் ஹாரிசன் நாலு வருஷம் இருந்து, மறுபடி கிளீவ்லாண்ட் வந்தார். அதே சங்கதி நம்மிடம் ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிட்டது. சிக்கனம்.

1937 தேர்தலில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி. காங்கிரஸுக்கு மஞ்சள். மஞ்சள் பெட்டி என்ற இரண்டு சொல் ஊர் ஊராகப் பறந்தது. மங்கலகரமான நிறத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுத்த கட்சி எப்படி உருப்படும்? 215 இடத்தில் காங்கிரஸுக்கு 159. ஜஸ்டிஸ் கட்சி இருபதைக்கூட எட்டவில்லை. பொப்பிலி ராஜாவை அவருடைய சொந்த பொப்பிலியிலேயே தோற்கடித்தார் வி.வி. கிரி. பின்னாளில் இந்தியாவுக்கே ஜனாதிபதியானவரிடம்தானே தோற்றோம் என்று ராஜா ஆறுதல் பட, முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜெயித்த காங்கிரஸ் உடனே பதவி ஏற்றதா? ஏற்கலாமா வேண்டாமா என்று மூன்றரை மாதம் யோசித்தது. அந்த இடைவெளியில் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு ஏழாவது ஆளாக வந்து நாற்காலி குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். ஜூலை 14-இல் ராஜாஜி வந்தார். மந்திரிகளுக்கு மாதச் சம்பளம் 500 ரூபாய். 4,333 கேட்டுக் காது புளித்த ஜனங்கள் அதற்கே ஒரு கும்பிடு போட்டார்கள்.

1944-இல் சேலத்தில் பெரியார் கட்சியைத் திராவிடர் கழகம் ஆக்கினார். நம்ம ஊர் ராஜன் மட்டும் சிலரைச் சேர்த்துக்கொண்டு, பழைய பெயர்ப் பலகையைத் துடைத்து மாட்டினார். 1952 தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சி ஒன்பது இடத்தில் நின்றது. ஜெயித்தது ஒன்றே ஒன்று: கம்பம், பி.டி. ராஜன். சட்டசபைக்குள் தலைவர், கொறடா, தொண்டர் எல்லாம் ஒரே ஆள். அந்தக் கட்சி உருண்ட முப்பத்தாறு வருஷத்தில் உட்கட்சிப் பூசலே இல்லாத ஒரே காலம் அதுதான்.

பூசல் எங்கள் தண்ணீரில் இருக்கிறதோ என்னவோ. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அவர் கட்சி இரண்டாகி நின்ற 1989 தேர்தலில், சேவல் சின்னத்தில் ஜெயலலிதா நின்று ஜெயித்தது போடியில். இரட்டைப் புறாவோடு ஜானகி அம்மாள் நின்று தோற்றது பக்கத்து ஆண்டிப்பட்டியில். சேவலும் புறாவும் கொத்திக்கொண்டதில் தானியம் தி.மு.க. வீட்டுக்குப் போனது. அமெரிக்கக் குடியரசுக் கட்சியும் 1880-களில் இரண்டு கோஷ்டியாக நின்று இதே வேலையைச் செய்தது. அவர்கள் சின்னத்துக்குப் பறவையை வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தனை கேலிக்கும் பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். மண் பாதைச் சக்கரம் சுமந்த பாரம் கொஞ்சம்தான். அணை அதன் பெயரில் இல்லை, கஜானா அதன் கையில் இல்லை. ஆனால் 1921-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது அந்தச் சபை. கோயில் சொத்துக்குக் கணக்குக் கேட்டது அந்த மந்திரிசபை. தியாகராயர் தலைவராக இருந்த மாநகராட்சிதான் 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. இட ஒதுக்கீட்டுச் சல்லடை இன்றுவரை கையில் இருக்கிறது. கஜானாவைப் பூட்டிக்கொண்டு தண்டவாளத்தில் போனவர்களின் பெயரைக் கேட்டால் இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மேட்டூர்க்காரரைக் கேளுங்கள், 'மேட்டூர் டேம்' என்பார், ஸ்டான்லி என்று சொல்ல மாட்டார்.

டீக்கடைக்காரரிடம் ராஜன் கதையைச் சொன்னேன். "அஞ்சு மாசமா?" என்றார். "அஞ்சு மாசம்கூட முழுசா இல்லண்ணே." கொஞ்ச நேரம் வடைச் சட்டியைப் பார்த்தார். "பரவால்ல தம்பி. டாப் ஸ்டேஷன்ல ரயில் ஓடுனது மொத்தமே பதினாறு வருசம்தான். பேரு இன்னும் ஓடுது."

அடுத்த தடவை குரங்கணி வந்தால், கண்டக்டரிடம் ரயிலைப் பற்றிக் கேட்காதீர்கள். உத்தமபாளையத்துக்காரர் ஒருவர் இந்த மாகாணத்தையே ஆண்டது தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்பார். சொல்லிவிட்டு இறங்குங்கள், திரும்புகிற டிரிப்பில் அவர் சொல்லிக்கொள்வார்.